லூர்தம்மாவின் குரலுக்கு ஒரு மைக்

லூர்தம்மா அக்கா வாயைத் திறந்தார். நாயுடு தன் காதில் மாட்டியிருந்த குழாய்களைப் பிடுங்கிக் கீழே போட்டார். இரண்டுக்கும் இடையில் ஒரு பாக்குத் துண்டை வாயில் போடும் நேரம்கூட இருக்கவில்லை.

இடம், கண்டி திருகோணமலை வீதியில் காசிம் நானாவின் கடைக்குப் பின்னறை. முன்பக்கத்தில் குடை, சைக்கிள், கிராமபோன் விற்பனை. பின்னறைச் சுவர்களில் அன்று கம்பளியும் பாயுமாகத் தொங்கின. எதிரொலி வராமலிருக்க அந்த ஏற்பாடு. வெளியே விடாத மழை. கம்பளிகள் நனைந்த ஆட்டு மந்தை போல நாறின. நடுவே ஓர் இரும்பு வளையத்துக்குள், நான்கு சுருள்கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது மைக்.

அக்கா ஓர் அடியைப் பாடி நிறுத்தி, தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்தார். நான் நாயுடுவைப் பார்த்தேன். நாயுடு கூரையைப் பார்த்தார், அது இன்னும் இருக்கிறதா என்று.

இசைத்தட்டுக் கம்பனி ஒன்றின் ஒலிப்பதிவுக்காரர் அவர். சென்னையிலிருந்து வந்தவர். உண்மையில் வரவேண்டியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் காய்ச்சலில் கொழும்பிலேயே படுத்துவிட, உதவியாளரான நாயுடு பெட்டிகளோடு கண்டிக்கு ஏறிவிட்டார். நான் அந்தக் கடையில் கிராமபோன் பகுதிக்குப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்று பெருமைக்காக எழுதுகிறேன். சாவி கொடுப்பவன் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

இடுப்பைப் பிடித்து இழுத்த காலம்

சென்ற வாரப் பகுதியைப் படித்த மாத்தளை வாசகர் ஒருவர், சங்கீத ஞானம் சற்றும் இல்லாத உமக்குக் கிராமபோன் கடையில் என்ன வேலை என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. காசிம் நானாவும் மாதம் ஒருமுறை அதைக் கேட்டார்.

மைக் என்பது வருவதற்கு முந்திய காலத்தில் பாடகர்கள் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் பாடினார்கள். குரலின் பலமே மறுமுனையில் ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெல்லிய குரல்காரர் புனலுக்குள் தலையை விட வேண்டும். உரத்த குரல்காரர் உச்சத்துக்குப் போகும்போது பின்னால் வர வேண்டும். பாட்டின் சுகத்தில் எவர் பின்னால் வருவார்? ஆகவே பின்னால் ஓர் ஆளை நிறுத்தி இடுப்பைப் பிடித்து இழுக்க வைப்பார்கள்.

ஒருமுறை கொழும்பில் நான் அந்த ஆளாக இருந்தேன். நாடக ராஜபார்ட் ஒருவர், மேனி பெருத்தவர், மேல்ஸ்தாயியில் நின்றார். நான் இழுத்தேன். அவர் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். வந்துவிட்டார், முழுவதுமாக, என்மேல். அந்தத் தட்டு வெளிவரவில்லை. வந்திருந்தால் என் குரல் பதிந்த ஒரே இசைத்தட்டு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு மைக் வந்தது. இனி எவர் இடுப்பையும் பிடிக்க வேண்டாம் என்று மகிழ்ந்தேன். மைக்குக்கும் தனியாக ஒரு பிடிவாதம் இருக்கும் என்பது அப்போது தெரியாது.

கடைசி வாங்கு

லூர்தம்மா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நானும் அதே தோட்டத்தில் பிறந்தவன்தான். ஞாயிறுகளில் தோட்டத்துச் சிறு மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பது என் எண்ணம்.

அக்கா பாடத் தொடங்கினால் மற்ற பதினொரு பேரும் வாயை அசைப்பது மட்டும்தான் தெரியும். ஆர்மோனியத்தின் துருத்தி அசைவதும் தெரியும். சத்தம் அவருடையது ஒன்றுதான். அவரைக் கடைசி வரிசை வாங்குக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் அதே கதை. வாசலுக்கு அனுப்பினேன். திருநாளன்று வெளியே பலாமரத்தடியில் நின்று பாடச் சொன்னேன். பூசை முடிந்ததும் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, மரத்தடியில் பாடியவர் நன்றாகப் பாடினார், உள்ளே இருந்தவர்கள் ஏன் பாடவில்லை என்று கேட்டார்.

அன்று மாலை அக்கா என்னை வழியில் நிறுத்தினார்.

"சவரித் தம்பி, நான் பாடுறேனா, கத்துறேனா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிரு."

நான் ஏதோ வழவழவென்று சொன்னேன். சத்தம் சற்றுக் கூட, கோயில் சற்றுச் சிறிது என்று. அவர் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் கோயிலில் பாடவில்லை. மலையில் மட்டும் பாடினார்.

இரண்டு வருடம் கழித்து நாயுடு வந்தார். ஏற்பாடு செய்திருந்த வித்துவான்கள் எல்லாரும் பாடி முடிந்து, இரண்டு மெழுகுத் தட்டுகள் மிஞ்சின. திங்கட்கிழமை காலை ரயிலில் அவர் கொழும்புக்கு இறங்கிப் போகிறார். மலையகத்துப் பாட்டு ஒன்று போடலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு நிபந்தனை சொன்னார்.

"கொறச்சுப் பாடுன்னு யாரும் சொல்லக் கூடாது. சொன்னா எறங்கி வந்துருவேன். அப்பறம், பதிஞ்சத நான் பாக்கணும். எங் கொரல நானே கேட்டதில்ல. பாட்டா கத்தலான்னு அன்னைக்கித் தெரிஞ்சிரும்ல."

தெரிந்துவிடும் அக்கா என்றேன். இப்படித்தான் நான் வாழ்க்கையில் எல்லா வாக்குறுதிகளையும் கொடுத்திருக்கிறேன், சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

கரி மைக்கும் கடுகு மைக்கும்

சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அக்கா கண்டிக்கு வந்தார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் பார்த்தது அந்தப் பிற்பகல்தான்.

வளையத்தில் தொங்கியது கரி மைக். ஒரு தகர டப்பிக்குள் கரித்தூள். குரல் பட்டதும் தூள் அதிர்ந்து மின்சாரத்தை ஆட்டும். முரட்டுச் சாமான். மழைக்கும் வண்டிக் குலுக்கலுக்கும் அஞ்சாது. உரத்த குரலுக்கு மட்டும் அஞ்சும். தூள் கலகலத்துப் போய்க் குரலை உடைத்துக் கொடுத்துவிடும்.

நாயுடு குமிழை முழுவதும் குறைத்து வைத்துக்கொண்டு முதல் மெழுகில் பாட்டைப் பதிந்தார். முடிந்ததும் முகத்தைச் சுளித்தார். பாழ் என்றார். பாழானதால் போட்டுக் காட்டினார். மெழுகுத் தட்டை ஒருமுறை போட்டுக் கேட்டால் ஊசி அதன் கோடுகளை உழுதுவிடும். பிறகு அது எதற்கும் ஆகாது. நல்ல பதிவு என்றால் கேட்காமலே பெட்டியில் வைத்துக் கம்பனிக்கு அனுப்புவார்கள்.

தகரக் கூரையில் யாரோ சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்குள் எங்கோ அக்கா இருந்தார்.

அவர் முழுவதையும் அசையாமல் கேட்டார். "இதுதானா?" என்றார்.

"அது கரி, அக்கா. உங்க குரல் இல்ல."

"கரியோ வெறகோ, நான் பாடுனதுதானே?"

நான் அந்தப் பதினொரு பேரை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் இந்தக் குரல் இப்படித்தான் கேட்டதோ என்று முதல்முறையாக ஐயம் வந்தது. அவர்களுக்கு என்றால், எனக்கு.

காசிம் நானா அக்குறணைப் பக்கத்து மனிதர், எதையும் சிக்கனமாகத் தீர்ப்பவர். கதவருகில் நின்றபடியே தீர்த்தார். "சவரி, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? அவவ கொஞ்சம் மெல்லப் பாடச் செல்லுங்களே."

நாயுடுவும் அதையே சொன்னார். அக்கா கொங்காணியை இழுத்துத் தலையில் போட்டார். புறப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாசலை மறித்து நின்றேன். என் வாழ்நாளில் நான் எதையும் மறித்து நின்றது அந்த ஒருமுறைதான். மாடு வந்தாலும் விலகுகிறவன் நான்.

"குரலைக் குறைக்கிறதில்லை. மைக்கைத்தான் மாத்தணும்," என்றேன்.

"மாத்தறதுக்கு இன்னொண்ணு இருக்கத்தான் இருக்கு," என்றார் நாயுடு. "கண்டென்சர் மைக். எவ்வளவு சத்தம் போட்டாலும் வாங்கும், தெளிவாக் கொடுக்கும். ஆனா ஈரம் ஆகாது. கொழும்புலயே கடுகு தாளிச்சுது. உங்க ஊர்ல பெட்டியைத் திறந்தாலே போச்சு."

விளக்கமாகவும் சொன்னார். வெங்காயத் தோல் போன்ற ஓர் உலோகத் தகடு, இன்னொரு தகட்டின் முன்னால் மயிரிழை இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த இடைவெளிக்குள் ஈரம் புகுந்தால் படபடவென்று பொரியும். காய்ந்த இடம் வேண்டும். ஆடி மாதத்துக் கண்டியில் காய்ந்த இடம். அந்த வாரம் என் சப்பாத்துக்குள் காளான் முளைத்திருந்தது.

புடவை காயும் இடம்

மைக்கைப் பேக்கரியில் பாண் சுடும் போறணையில் அரைமணி வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன்.  நாயுடு மைக் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பாண் போறணையைப் பற்றிப் பேசியதுதான் எனக்கு வழி காட்டியது. சூடு, காய்ந்த காற்று. எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில் கல்யாணம் என்றால் கூறைப்புடவையைத் துவைத்து எங்கே காயப்போடுவார்கள்? தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில். கொழுந்து வாட்டும் மேல்மாடியில். கீழே அடுப்பு எரிய, விசிறிகள் அந்தச் சூட்டை மேலே அனுப்பும். ஊரே ஊறிக் கிடக்கும்போது அந்த மாடி மட்டும் அப்பளம் போல இருக்கும். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவைக் கெஞ்சினால், இரண்டு மணி நேரத்தில் புடவை மொறுமொறுவென்று வந்துவிடும். புடவை காயும் இடத்தில் மைக் காயாதா?

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. சனிக்கிழமைக் கொழுந்து காலையிலேயே கீழே இறங்கிவிடும். பிற்பகல் மாடி வெறுமையாக இருக்கும், சூடு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தச் சனிக்கிழமை மாலையே தோட்டத்துக்கு ஓடினேன்.

டீமேக்கர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டோருக்குள் ஒரு தலைமயிர் விழுந்தாலும் அது யாருடையது என்று விசாரிப்பவர். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"லூர்தம்மாவோ? பத்தாம் நம்பர் மலையில பாடுற மனிசியோ?"

"ஓம் ஐயா," என்று நானும் அவர் பாஷையிலேயே குழைந்தேன்.

"அவ பாடினா எனக்கு ரோலர் மெசின் சத்தத்துக்கு மேலால கேக்கும். சரி, நாளைக்கு ரெண்டு மணிக்கு வாரும். துரை கிளப்பால வர நாலு மணியாகும். அதுக்கு முன்னம் நீரும் உம்மட பெட்டியளும் வெளியில நிக்க வேணும்."

மறுநாள் நாயுடுவும் நானும் பெட்டிகளோடு வாடகைக் காரில் போனோம். எஞ்சியிருந்த ஒரேயொரு மெழுகுத் தட்டு என் மடியில். குளிர்ந்தால் கெட்டிப்பட்டுவிடும் என்று, கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல் வைத்திருந்தோம். கெலிஓயாப் பாதையின் ஒவ்வொரு குழியிலும் நான் பிள்ளைத்தாய்ச்சி போல மூச்சுவிட்டேன். என் சொந்தப் பிள்ளைகளை நான் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை என்பது வீட்டார் முடிவு.

எதிர்மலை

முன்னமே வந்து ஸ்டோர் வாசலில் நின்ற அக்காவோடு மேலே ஏறினோம். மாடி நீளமானது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடுப்புக்கு மேலும் கீழுமாக, சாக்குத்துணி இழுத்துக் கட்டிய தட்டுகள். கொழுந்து போய் மணம் மட்டும் இருந்தது. நாயுடு ஒருமுறை கை தட்டினார். சத்தம் அப்படியே செத்துவிட்டது. சாக்குத்துணி அதைக் குடித்துவிட்டது. இன்னொருமுறை தட்டினார். கண்டிக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இந்த மாதிரி ஒரு ரூம் எங்ககிட்ட சென்னையில இல்லைய்யா."

மைக்கைத் திறந்து வைத்துக் காதுக் குழாயை மாட்டினார். கடுகு பொரியவில்லை. ஆனால் தலைக்கு மேலே கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அதற்கு எந்த மைக்கும் மருந்தில்லை. காத்திருந்தோம். இரண்டரை ஆனது. மூன்று ஆனது. கனகசபை படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

காத்திருந்த நேரத்தில் மைக்கை எங்கே வைப்பது என்று பார்த்தோம். உரத்த குரலுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க ஓர் உரத்த குரல் வேண்டும். அக்காவின் குரலை வீணாக்கக் கூடாது என்பதால் நான் கத்தினேன். மைக்கிலிருந்து மூன்று எட்டுத் தள்ளி நின்று கத்தினேன். நாயுடு கையால் போ போ என்றார். நான்கு. ஐந்து. ஆறாவது எட்டில் தலையசைத்தார். அதற்கு மேல் போனால் குரல் மெலியும், இப்பால் வந்தால் முட்டும் என்றார். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் நெற்றிக்குச் சற்று மேலே உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்தார், மூச்சு நேராக அடிக்காதபடி. காது வலிக்கிறதா என்று கேட்டேன். குரல் வலிக்கிறது என்றார்.

மூன்றே காலுக்கு மழை விட்டது. நான் செபித்ததால் என்று சொல்ல ஆசைதான். பாதிச் செபத்தில் கொட்டாவி விட்டேன் என்பதே உண்மை.

அக்கா போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடிவிட்டார்.

"யாருக்குப் பாடுறது?"

எனக்குப் புரிந்தது. நாயுடுவுக்கு விளக்கினேன். மலையில் எசப்பாட்டு அப்படித்தான். இந்தப் பக்கத்து மலையில் ஒருவர் ஓர் அடி பாடுவார், எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் அடி முடிவில் குரல் கொடுப்பார்கள். எதிரே ஆள் இருப்பது தெரிந்தால்தான் அடுத்த அடி வரும். இரும்புத் தண்டைப் பார்த்து எவரும் பாடுவதில்லை.

"நான் எதிர்மலையா நிக்கிறேன்," என்று மாடியின் மறுமுனைக்கு ஓடினேன்.

முதலில் மெழுகைத் தொடாமல் ஒத்திகை. அக்கா என்னைப் பார்த்து முதல் அடியைப் பாடினார். அடி முடிந்தது. நான் "ஓஓஓய்" என்றேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்த எவனும் செய்வதைத்தான் என் தொண்டை செய்தது. நாயுடு ஊசியை இறக்காததற்காகத் தன் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னார். பிறகு என்னிடம் சில வார்த்தைகள் சொன்னார். அவை இந்தப் பத்திரிகைக்கு ஏற்றவையல்ல.

மறுபடி பார்த்தோம். மறுபடியும் "ஓஓஓய்." மூன்றரை ஆகிவிட்டது. நானில்லாமல் அக்கா பாடமாட்டார். நான் இருந்தால் கத்தாமல் இருக்கமாட்டேன். கடைசியில் என் கழுத்துச் சால்வையைச் சுருட்டி வாய்க்குள் நானே திணித்துக்கொண்டேன். ஒவ்வோர் அடி முடிவிலும் பதிலுக்குக் கையைத் தூக்குவதாகச் சைகை காட்டினேன். அக்கா சற்று யோசித்தார்.

"எதிர்மலை தூரமா இருக்குன்னு நெனச்சுக்கிறேன்," என்றார்.

நாயுடு ஊசியை இறக்கினார்.

ஏறக்குறைய மூன்று நிமிடம். அக்கா எதையும் குறைக்கவில்லை. சாக்குத்தட்டுகளுக்கு நடுவே அந்தக் குரல் என்னிடம் வந்து, என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டிப் போனது. நான் ஒவ்வோர் அடிக்கும் கையைத் தூக்கினேன். கடைசிக்கு முந்திய அடியில் அவர் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்றார். நாயுடுவின் கை குமிழுக்குப் போனது. குமிழைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு திரும்பிவிட்டது. பாட்டு முடிந்ததும் கீழே ஸ்டோரின் வாசலில் யாரோ "ஓய்" என்று குரல் கொடுத்தார்கள். நல்ல வேளையாக ஊசி ஏறிவிட்டிருந்தது. கனகசபை அது தானில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

நாயுடு மெழுகைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். ஒரு பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பிலிருந்து நடுவரை பார்த்தார்.

"போடுங்க, கேப்போம்," என்றார் அக்கா.

நாயுடு தயங்கினார். போட்டால் அழிந்துவிடும், இருப்பது இது ஒன்றுதான் என்றார். தட்டாக வந்து சேர மாதக்கணக்காகும். கம்பனி போடுவதென்று தீர்மானித்தால்தான் அதுவும்.

 அழியட்டும், போடுங்கள் என்று அக்கா சொல்வாரென்று நான் பயந்தேன். சொன்னாலும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப கேக்க முடியாது. பாக்கலாம்ல?"

நாயுடு கண்ணாடியைக் கொடுத்தார். அக்கா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது கான் மாதிரி இருக்கே," என்றார்.

மலைச்சரிவில் மழைநீர் ஓட வெட்டும் வாய்க்காலை எங்கள் தோட்டங்களில் கான் என்போம். அக்காவின் வீட்டுக்காரர் கான் வெட்டுகிறவர். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, மலையைச் சுற்றி வளைந்து போகும் கான்களை அக்கா தினமும் தாண்டி ஏறியவர். வெள்ளம் மிஞ்சினால் ஒரு கானின் கரை உடைந்து அடுத்த கானில் பாயும். அதோடு அந்தச் சரிவே போய்விடும்.

"இந்த எடத்துல ஆட்டம் கூடுதலா இருக்கு," என்று ஓரிடத்தைக் காட்டினார்.

"அங்கதாம்மா நீங்க உச்சத்துல நின்னீங்க."

"கரை ஒடஞ்சிருக்கா?"

நாயுடு கண்ணாடியை வாங்கி அந்த இடத்தை இன்னொருமுறை பார்த்தார். "இல்லம்மா. எங்கயும் ஒடையல. ஒரு கோடு இன்னொண்ணுல விழல."

அக்கா நிமிர்ந்தார்.

"அம்புட்டு வெள்ளமும் கரையோடதான் போயிருக்கு," என்றார். "அப்ப பாட்டுத்தான்."

அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். மாடியின் மறுமுனையில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்க்கிறார் என்பது தெரிந்தது. சால்வை இன்னும் என் வாய்க்குள்தான் இருந்தது. கையைத் தூக்கினேன்.